காற்றுப்பை விளக்கா, காற்றுப்பைப் பழுதுகாட்டியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஓட்டுநர் கையேட்டுக்கான சொற்பட்டியலின் இரண்டாம் பகுதி சென்ற வாரம் நம் பார்வைக்கு வந்தது. மகிழுந்தின் மீட்டர் பலகையில் எரியும் விளக்குகளுக்கும், உள்ளே இருப்பவரைக் காக்கும் உறுப்புகளுக்கும் அதில் தமிழ்ச் சொற்கள் தரப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. 'காற்றுப்பை' (ஏர்பேக்), 'இருக்கைப் பட்டை' (சீட் பெல்ட்) இரண்டும் முன்பே புழக்கத்தில் வேர்விட்டவை. அவற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 'காற்றுப்பை விளக்கு', 'துணைக் கட்டுப்பாட்டு அமைப்பு' என்னும் இரண்டு சொற்களை இப்படியே அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று கருதுகிறேன். இலக்கணத்தில் இரண்டுக்கும் குறையில்லை. ஆயினும் இரண்டுமே ஓட்டுபவரைத் தவறாக எண்ணவைக்கும்.

முதல் சொல்லைப் பற்றிய ஐயம் எனக்கு வீட்டிலேயே பிறந்தது. நீடாமங்கலத்தில் நெல் வணிகம் செய்யும் என் மைத்துனர் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கியிருந்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று அணையாமல் எரியத் தொடங்கியது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவர் மார்புக்கு முன்னால் ஓர் உருண்டை. இதுதான் அதிலிருந்த படம். சம்பா அறுவடை முடிந்து ஒருநாள் அவருடன் தஞ்சாவூருக்குப் போனபோதுதான் நான் அதைக் கவனித்தேன். அவர் பட்டையும் போட்டிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பலூன்தான் ரெடியா இருக்கே அத்தான், லைட்டு எரியுது பாருங்க. பெல்ட் எதுக்கு?" என்றார்.

அவர் வணிகவியல் பட்டம் பெற்றவர். படிக்காததால் வந்த குழப்பம் இல்லை இது. ஆற்றில் நீர் தாமதமாகும் ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நாற்றுவிடும் குடும்பம் அவருடையது. மோட்டார்க் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சிறு விளக்குகள் இருப்பதை டெல்டாவில் அறியாதவர் இல்லை. மூன்றும் எரிந்தால் மும்முனை மின்சாரம் வந்திருக்கிறது. ஒன்று அணைந்திருந்தால் ஒரு முனை இல்லை, மோட்டாரைப் போடக் கூடாது, போட்டால் காயில் கருகிவிடும். எரிந்தால் இருக்கிறது, அணைந்தால் இல்லை என்று சிறுவயது முதல் கண்ணுக்குப் பழகிய ஒருவர், 'காற்றுப்பை விளக்கு எரிகிறது' என்ற தொடரை எப்படிப் படிப்பார்? காற்றுப்பை ஆயத்தமாக இருக்கிறது என்றுதான் படிப்பார். மகிழுந்தில் அதன் பொருள் நேர் எதிரானது என்பதை நம் சொல் அவருக்குச் சொல்லவில்லை.

காற்றுப்பைகளை இயக்கும் மின்னணுப் பெட்டி, வண்டி இயங்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு பையையும் விரியச்செய்யும் எரியூட்டிக்குச் செல்லும் சுற்றில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் தடையைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. அது வழக்கமாக 2 ஓம் அளவில் இருக்கும். கம்பி அறுந்தாலோ, இணைப்புத் தளர்ந்தாலோ தடை ஏறும். உடனே பெட்டி அதைப் பழுதாகப் பதிந்துகொண்டு விளக்கை எரியவிடும். ஆகவே விளக்கு எரிகிறது என்றால், மோதல் நேரும்போது பை விரியாமல் போகக்கூடும் என்று வண்டி தன் வாயால் சொல்கிறது என்று பொருள். என் மைத்துனரோ அதையே பட்டை போடாமலிருக்கக் காரணமாக எடுத்துக்கொண்டார்.

வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுசென்றோம். அதற்கு முன்பு வேறோர் இடத்தில், 'விளக்கை மட்டும் நிறுத்திவிடட்டுமா?' என்று கேட்டார்களாம்; அந்தக் கொடுமையைப் பற்றித் தனி மடலே எழுதலாம். இங்கே மின்தொழிலாளர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். சில நிமிடங்கள் காத்திருந்தார். பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்னேற்றம் வடிவதற்கான இடைவெளி அது. பிறகு ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அடியிலிருந்த மஞ்சள் கப்ளரை, அதாவது கம்பிகளை இணைக்கும் செருகியை, பிரித்துக் கையில் வைத்துக் காட்டினார். காற்றுப்பைச் சுற்றின் கப்ளர்களுக்கு மஞ்சள் நிறம் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். உள்ளே கடுகளவு ஊசிகளின் மேல் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஐப்பசியில் தரைப்பாலத்தின் மேல் ஓடிய நீரில் வண்டியை இறக்கிக் கடந்தபோது, தரைவிரிப்புக்கு அடியில் புகுந்த நீர் நாள்கணக்கில் காயாமல் கிடந்திருக்கிறது. 'மழை முடிஞ்சா இந்த வேலை ரெண்டு மூணு வந்துடும்' என்றார் அவர்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'பழுது விளக்கு' என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். அது பழுதான விளக்கு என்றும் பொருள்படும். கடைக்காரரிடம் 'பழுது விளக்கு எரிகிறது' என்றால் சிரிப்பார். 'எச்சரிக்கை விளக்கு' என்பது தவறில்லை, ஆனால் எதைப் பற்றிய எச்சரிக்கை என்று சொல்லாத சொல் அது. எனவே 'பழுதுகாட்டி' என்பதை முன்வைக்கிறேன். நாட்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி என்ற வரிசையில் இயல்பாக உட்காரும். 'காற்றுப்பைப் பழுதுகாட்டி எரிகிறது' என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் எவரும் பை ஆயத்தமாக இருக்கிறது என்று நினைக்க முடியாது.

நீடாமங்கலம் சந்திப்பில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு 'காட்டி'யும் நினைவுக்கு வரலாம்: பழைய இரயில் கைகாட்டி. அதை இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால், எதிர் எடையின் பளுவால் கை தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருந்தார்கள். பழுது நேர்ந்தால் அந்தப் பழுதே ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அது. நம் விளக்கும் அதே குலம். விளக்கே கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்காகத்தான் சாவியைத் திருப்பியதும் இந்த விளக்குகள் சில நொடிகள் எரிந்து அணைகின்றன. அந்தச் சில நொடிகளிலும் எரியாத பழுதுகாட்டி, அணையாத பழுதுகாட்டிக்குச் சற்றும் குறைந்த செய்தி அன்று. பழைய வண்டி வாங்குபவர்களுக்காகக் கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

பலகையில் உள்ள எல்லா விளக்குகளும் பழுதுகாட்டிகள் ஆகிவிடா. இவற்றின் குறியீடுகளை வகுக்கும் ஐஎஸ்ஓ 2575 தரத்தைப் பின்பற்றும் வண்டிகளில், சிவப்பு ஆபத்தையும், மஞ்சள் கவனத்தையும், பச்சை ஓர் உறுப்பு இயங்குவதையும், நீலம் முகப்பு விளக்கின் மேலொளியையும் (ஹை பீம்) குறிக்கும். பச்சைக்கும் நீலத்துக்கும் 'நிலைகாட்டி' போதும். பட்டை போடச் சொல்லிக் கத்தும் விளக்கைப் 'பட்டை நினைவூட்டி' எனலாம்.

இரண்டாவது சொல். காற்றுப்பை இருக்கும் இடத்தில் எஸ்ஆர்எஸ் (சப்ளிமென்டல் ரிஸ்ட்ரெயின்ட் சிஸ்டம்) என்று மூன்று எழுத்துகள் பொறித்திருக்கும். அதன் நடு எழுத்துக்கு நாம் 'கட்டுப்பாடு' என்று போட்டிருக்கிறோம். தமிழில் கட்டுப்பாடு என்றால் விலைக் கட்டுப்பாடு, போக்குவரத்துக் கட்டுப்பாடு. ஓர் ஆளின் உடலைத் தாங்கிப் பிடிக்கும் பொருள் அதில் கேட்பதில்லை. மோதலில் வண்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் உடல் நிற்காது. வந்த வேகத்திலேயே முன்னால் போகும். அதைப் பிடித்து நிறுத்துவது தோளிலும் இடுப்பிலும் படியும் மும்முனைப் பட்டை. வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் வடிவமைத்துத் தந்த அந்தப் பட்டையே இன்றும் முதற்காவல். பட்டை பிடித்தும் தலையும் மார்பும் முன்னே வரும் மிச்சத் தொலைவுக்குத்தான் பை. ஒரு நொடியை ஆயிரமாக வகுத்தால் ஏறத்தாழ 30 பங்குக்குள் அது விரிந்துவிடும். கண் இமைக்க அதைப்போல் மும்மடங்கு நேரமாவது ஆகும். விரிந்த உடனே பின்புறத் துளைகள் வழியே வளியை விட்டுத் தளரவும் தொடங்கும். பட்டை போடாதவர் பை விரிந்து முடிவதற்குள்ளேயே அதன்மேல் போய் விழக்கூடும். அப்போது காக்க வந்த பையே அவரை அறையும். ஆகவே 'துணை' என்ற அடைமொழி உயிர்நாடி. 'கட்டுப்பாடு' மட்டும் போக வேண்டும். அதற்கு மாற்றாகப் 'பிடிமானம்' என்பதைத் தருகிறேன்: துணைப் பிடிமான அமைப்பு.

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் புதிய மகிழுந்துகளில் ஓட்டுநர் காற்றுப்பையும் பட்டை நினைவூட்டியும் கட்டாயம். எனவே இவை இனிப் பணக்கார வண்டிகளின் சொற்கள் அல்ல. நெல் மூட்டைக் கணக்குப் பார்க்கப் போகிறவர் வண்டியிலும் இருப்பவை.

சில சிறு சொற்கள்: மோதிய கணத்தில் பட்டையைச் சுண்டி இழுக்கும் உறுப்புக்கு 'முன்இழுவிசையூட்டி' வேண்டாம்; 'பட்டையிறுக்கி' போதும். அதற்கடுத்த கணத்தில், விலா எலும்பு முறியாதபடி பட்டையைச் சற்றே விட்டுக்கொடுக்கும் உறுப்பு 'பட்டையிளக்கி'. ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைக் 'கடிகாரச் சுருள்வில்' என்று பெயர்த்திருப்பது வேடிக்கை. அங்கே கடிகாரமும் இல்லை, வில்லும் இல்லை. ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பினாலும் அறுந்துவிடாமல் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய நாடாதான் இருக்கிறது. பழுதுகாட்டி எரிந்து, ஹாரனும் ஒலிக்காமல் போனால் முதல் ஐயம் இதன்மேல்தான். 'சுருள்நாடா' என்போம்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

*

மன்னார்குடி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 'பழுதுகாட்டி'யை முழுமனத்துடன் ஏற்கிறேன். இறுக்கி, இளக்கி இரண்டும் மோனையோடு அமைந்துவிட்டன. மாணவர்கள் ஒருமுறை கேட்டாலே மறக்க மாட்டார்கள்.

ஆனால் மூன்று ஐயங்கள். பிடிமானம் என்பது நாம் கையால் பற்றிக்கொள்வது. பேருந்தில் நின்றுகொண்டு வருபவர் தேடுவது. இங்கே பயணி எதையும் பற்றவில்லை, அவரைத்தான் பட்டையும் பையும் பற்றுகின்றன. சொல் தலைகீழாகிவிடாதா? அடுத்தது, 'துணை'. உங்கள் ஊர் வண்டிகளின் முன்கண்ணாடியில் 'ராஜகோபாலசாமி துணை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணை முழுப் பொறுப்பையும் ஏற்கும் துணை. நீங்கள் சொல்லும் துணையோ இரண்டாம் இடத்தில் நிற்பது. காற்றுப்பையைத் துணை என்றால், உங்கள் மைத்துனர் போன்றவர்கள் சாமிக்கு அடுத்தபடியாக அதை நம்பத் தொடங்குவார்கள். 'துணைநிலை' என்று மாற்றினால் அந்த மயக்கம் நீங்கும்.

மூன்றாவது, கைப்பிரேக் விளக்கு. கைப்பிரேக்கை இழுத்திருந்தால் எரிகிறது, அது நிலை. பல வண்டிகளில் பிரேக் எண்ணெய் குறைந்தாலும் அதே விளக்கு எரிகிறது, அது பழுது. உங்கள் பகுப்பில் இது எந்தப் பக்கம்?

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

*

மதிப்பிற்குரிய அம்மையீர்,

'துணைநிலை' என்னைவிடத் தாங்கள் கூர்மையாகக் கேட்டதால் கிடைத்த சொல். நன்றியுடன் ஏற்றுக்கொண்டேன்.

பிடிமானத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆற்றங்கரை மண்ணுக்கு நாணல் வேர்தான் பிடிமானம் என்று நம் பக்கத்தில் சொல்வோம். கரையா வேரைப் பற்றுகிறது? வேர்தான் மண்ணைப் பற்றி நிறுத்துகிறது. பந்தற்காலுக்குப் பிடிமானமாகக் கல்லை அண்டக் கொடுக்கும்போதும் அப்படியே. பற்றுவது எந்தப் பக்கம் என்று அந்தச் சொல் வரையறுக்கவில்லை. ஒன்று பெயராமல் நிற்க எது காரணமோ அதுவே பிடிமானம்.

பட்டியலில் இப்படித் திருத்திவிடுகிறேன்: 'காற்றுப்பைப் பழுதுகாட்டி: துணைநிலைப் பிடிமான அமைப்பில் பழுது உள்ளதைக் காட்டும் சிவப்பு அல்லது மஞ்சள் விளக்கு. சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டாலும், எரியவே இல்லை என்றாலும் காற்றுப்பையை நம்பக் கூடாது. பட்டை அணிந்து பணிமனைக்குச் செல்க.' விளக்கத்தில் 'செல்க' போன்ற வியங்கோள் வரலாமா என்று சொற்பட்டியல் மரபறிந்தவர்கள் கடிந்துகொள்ளலாம். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி கேட்கிறேன்.

கைப்பிரேக் விளக்கைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி. என் பகுப்பு அங்கே உடைகிறது. கைப்பிரேக்கை முழுதும் இறக்கிய பிறகும் எரிந்தால் அதைப் பழுதுகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்று விளக்க முடிகிறது, ஆனால் இரண்டு வேலையையும் தாங்கும் ஒற்றைச் சொல் அகப்படவில்லை. 'பிரேக் விளக்கு' என்று விட்டால் வண்டியின் பின்னால் எரியும் விளக்கோடு கலந்துவிடும். அந்த வரியை மட்டும் வெற்றிடமாக விட்டு, மற்றவற்றைத் தொகுப்பாளருக்கு இன்றிரவு அனுப்புகிறேன்.

மன்னார்குடியிலிருந்து