அம்மாவின் கூடத்தில் கேமரா வைத்தது தவறா?

வெண்ணாற்றங்கரை:
அம்மாவுக்கு 78 வயது. நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசி வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். பால்காரர் வந்துதான் தூக்கினார். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

மறுவாரமே ஊருக்குப் போய்க் கூடத்தில் கேமரா பொருத்தினேன். விழுந்தால் எனக்குச் செய்தி அனுப்பும் கைக்கடிகாரத்தையும் கட்டிவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை, சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது அவர் கூடத்துக்கே வருவதில்லை. அடுப்படித் தாழ்வாரத்தில் பாயைப் போட்டுக்கொள்கிறார். கடிகாரம் சாமி மாடத்தில் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊஞ்சலில் உட்காருவேனே, இனி எங்கே உட்காருவது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. கழற்றவும் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

மன்னார்குடி செவிலியர்:
கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி, அம்மா விழுந்தது கிணற்றடியில். கேமரா இருப்பது கூடத்தில். முதலில் பாசியைச் சுரண்டச் சொல்லுங்கள். கொல்லை வாசலிலிருந்து கிணறு வரை பிடித்து நடக்கச் சுவரில் கம்பி பதியுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? எழுந்ததும் தலை சுற்றுகிறதா? படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிரஷரை அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

திருத்துறைப்பூண்டிக்காரன்:
2018 நவம்பர் 16 கஜா புயலை மறக்க முடியுமா? மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. என் அப்பாவைத் தேடி வந்தது பக்கத்து வீட்டுப் பையன்தான். கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஓய்ந்துபோனால் யார் வந்து கதவைத் தட்டுவார் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் பாட்டி:
எனக்கு 73 வயது. மகன் வீடியோவில் டாக்டரைக் கூப்பிடுவான். நான் பக்கத்திலேயே இருப்பேன், டாக்டரோ "அம்மாவுக்குப் பசி எடுக்கிறதா?" என்று அவனைக் கேட்பார். நோயாளி தானாக அழைக்காமல், கவனித்துக்கொள்பவர் அழைத்தால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. இதைப் பேத்தி படித்துக் காட்டினாள். போன மாதம் மகனை வெளியே போகச் சொன்னேன். இருமினால் சிறுநீர் கசிவதை, ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, அன்றுதான் டாக்டரிடம் சொன்னேன். மகன் முன்னால் அதை எப்படிச் சொல்வேன்? உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள், அப்பா.

வெண்ணாற்றங்கரை:
நேற்று இரவு ஒரு மணி நேரம் பேசினோம். கேமரா வேண்டவே வேண்டாம் என்றார். எதிர்வீட்டு அத்தையை விட்டுக் கழற்றச் சொல்லிவிட்டேன். கொல்லைக்குப் போகும்போது மட்டும் கடிகாரத்தைக் கட்டிக்கொள்வாராம். செய்தி முதலில் அத்தைக்குப் போகட்டும், "நீ அங்கிருந்து பதறி என்ன செய்யப் போகிறாய்?" என்றார். மாற்றிவிட்டேன். கம்பி பதிக்கக் கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.