இறால் தலையிலிருந்து நொதியம் எடுத்து விற்க முடியுமா?

வாழைச்சேனை வாடிக்காரன்:
வணக்கம். எங்கள் வாடியில் இறால் தலையும் கோதும் நாள்தோறும் கூடை கூடையாகச் சேர்கின்றன; குழி வெட்டிப் புதைக்கிறோம். இறாலிலிருந்து எடுக்கும் ஒரு நொதியம் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் நல்ல விலைக்குப் போவதாக வாசித்தேன். எங்கள் கழிவிலிருந்தும் அதை எடுக்கலாமா?

கல்லடி ஆசிரியை:
தம்பி, நீங்கள் வாசித்தது அல்கலைன் பொஸ்பற்றேஸ் பற்றியதாக இருக்க வேண்டும். டி.என்.ஏ. துண்டுகளின் முனையிலுள்ள பொஸ்பேற்றை அது நீக்குகிறது. வேலை முடிந்ததும் 65 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள் சூடாக்கினால் செயலிழந்துவிடும் என்பதால், குழாயிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் சிரமம் இல்லை. அதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது. வட அத்திலாந்திக்கின் குளிர்நீரில் வாழும் இறாலின் நொதியம் ஆகையால் அது சூட்டைத் தாங்குவதில்லை. நம் வாவியின் வெதுவெதுப்பான நீரில் வளரும் இறாலிடம் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. மேலும், இப்போது அதன் மரபணுவை மதுவத்தில் புகுத்தி உற்பத்தி செய்கிறார்கள். தலைகளை வாங்க எவரும் வரமாட்டார்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. இத்தாலியின் வல்கானோ தீவில், கடலடி வெந்நீர்ப் படிவுகளிலிருந்து பிரித்தெடுத்த பைரோகொக்கஸ் பியூரியோசஸ் என்ற நுண்ணுயிர் 100 பாகையளவில்தான் செழித்து வளர்கிறது. அதன் பொலிமரேஸ் என்ற நொதியம் கொதிநிலைக்கு அண்மித்த சூட்டிலும் கெடாது, டி.என்.ஏ.யைப் பிழை குறைவாகப் படியெடுக்கிறது.

வாகரை வாசகர்:
நொதியத்தை விற்பதை விட்டுவிட்டு, அதைக் கொண்டு வேலை வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். கோதில் கைற்றின் என்ற உறுதியான நார்ப்பொருளோடு புரதமும் கல்சியம் காபனேற்றும் கலந்திருக்கின்றன. கைற்றினைத் தனியே எடுக்க, வழக்கமாகச் சுண்ணத்தை அமிலத்தாலும் புரதத்தைக் கோஸ்ரிக் சோடாவாலும் நீக்குவார்கள். அந்தக் கழிவுநீரை வாவியில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் புரதத்தைக் கரைக்கும் நொதியம் இறாலின் தலைக்குள்ளேயே, சமிபாட்டுச் சுரப்பியில் இருக்கிறது. தலையோடு வைத்த இறாலின் கழுத்துச் சதை முதலில் குழைவதை நீங்களே கண்டிருப்பீர்கள். தலைகளை அரைத்து 50 பாகையளவில் வைத்தால், புரதத்தின் பெரும்பகுதி தானாகவே கரைந்துவிடும். அந்தக் கரைசலைக் கோழித் தீனியில் சேர்க்கலாம். சுண்ணத்தை நீக்க மட்டும் அமிலம் தேவைப்படும்.

வாழைச்சேனை வாடிக்காரன்:
வாடிக்கு வந்து சேரும்போதே பல தலைகள் கறுத்துவிடுகின்றனவே?

வாகரை வாசகர்:
கறுப்பும் ஒரு நொதியத்தின் வேலைதான். பொலிபீனோல் ஒக்சிடேஸ் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து அதைச் செய்கிறது. அதனால் நிறம் மட்டுமே கெடுகிறது. அமோனியா நாற்றம் வந்துவிட்டால் பற்றீரியா முந்திக்கொண்டது என்று கொள்ளுங்கள். அதைப் புதைக்கத்தான் வேண்டும்.

வாழைச்சேனை வாடிக்காரன்:
நன்றி. நாளை முதல் தலைகளுக்குத் தனியாக ஓர் ஐஸ் பெட்டி வைக்கிறேன்.