மறுமொழி: போட்டுக்குப் புது ரப்பர் – பண வசூல்

எல்லாருக்கும் வணக்கம்.

இலங்கையில் நம்ம ஊர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடுகிற நம் சங்கப் போட்டைச் சுற்றியுள்ள ரப்பரை மாற்ற வேண்டும், தலைக்கு இவ்வளவு தாருங்கள் என்று சங்கத் தலைவர் அண்ணன் எழுதியிருந்தார். பணம் கொடுக்க எனக்கு மறுப்பில்லை. ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போன எங்கள் அக்கா அனுப்பிய படங்களைப் பார்த்தால், கேட்கிற காசு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

காசல்ரீயில் அக்கரைக்குப் போக அக்கா அந்தப் போட்டில் ஏறியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விலாப்பக்கம் பூராவும் கறுப்பு. ஓரத்து ரப்பரில் சாய்ந்ததால் வந்தது. பின்மூலையில் ரப்பர் ஒரு சாண் கழன்று தொங்குகிறது, உள்ளே துருப்பிடித்த திருகாணித் தலைகள். ஓட்டுகிற பையன் ஐஸ்கிரீம் டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டுகிறானாம். எல்லாரும் கறுப்பையே பேசுகிறோம், அந்த டப்பாவைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

டோஹாவில் ஃபைபர் போட் பட்டறையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் சொல்கிறேன். கையில் கறுப்பு ஒட்டினால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெயில் பட்டு மேல்தோல் பொடியாகிறது, அவ்வளவுதான். நம்ம ஊர் குளிர்தானே என்று நினைக்கக் கூடாது. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போல் கூடும், காசல்ரீ அந்த உயரத்தில்தான் கிடக்கிறது. ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அடிவரை போனால் அந்தத் துண்டை மாற்றுங்கள். மேலோடு நின்றால் சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்து, நைஸ் உப்புத்தாளை நனைத்து லேசாக இழுத்து, காய்ந்ததும் வெயில் தாங்கும் பூச்சு ஒன்றைப் பூசினால் போதும். மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வேண்டவே வேண்டாம். அன்றைக்குப் பளபளக்கும், அசல் ரப்பராக இருந்தால் எண்ணெய் குடித்து உப்பிப்போகும். மூலையில் விட்ட இடைவெளி, ரப்பர் பட்டி சுருங்கியதால் வந்தது. சுடுதண்ணீர் ஊற்றி இளக்கினால் கொஞ்சம் இழுபடும்.

காசு போக வேண்டியது அதற்குக் கீழே. போட்டின் அடித்தொட்டியும் மேல்விளிம்பும் சேருகிற மூட்டை மறைத்துத்தான் அந்த ரப்பர் ஓடுகிறது. ஆணி துருவேறித் தளர்ந்தால் ஓட்டை வழியாகவும் மூட்டு வழியாகவும் தண்ணீர் இறங்கும். அணைத் தண்ணீரில் உப்பில்லை என்று யாரோ மலிவு ஆணி அடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழற்றி, துருப்பிடிக்காத எஃகு ஆணி போட்டு, போட்டுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் பசையால் மூட்டை அடைக்க வேண்டும். சிலிக்கன் வேண்டாம். ஒருமுறை பூசினால் பிறகு அதன்மேல் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. பசை பூசும் இடம் காய்ந்திருக்க வேண்டும், ஆகவே தை மாசியில் போட்டைக் கரையில் ஏற்றிச் செய்யுங்கள். ஆனி ஆடி மழையில் தொட்டால் வீண்.

கடைசியாக ஒன்று. போட் 18 அடி. மூக்கைச் சுற்றி இரண்டு பக்கமும் அளந்தாலும் 40 அடியைச் சுற்றித்தான் வரும். ரப்பர் பில்லில் 75 அடி இருக்கிறது. அளந்தது யார்?

*

தம்பி, கோத்தகிரியிலிருந்து சித்தப்பா எழுதுகிறேன். நீ சொன்ன வேலை நுணுக்கம் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் படித்தேன். 1965-ல் காசல்ரீ அணை வந்தபோது நான் சின்னப் பையன். தண்ணீர் ஏறுவதைப் பார்க்க லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் எல்லாம் தேயிலை மலையில் உட்கார்ந்திருப்போம். தோட்டத்தில் வேலை பார்க்க வைக்கும் கணக்கப்பிள்ளை வந்து விரட்டுவார். அப்புறம் எங்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னார், கப்பல். எனக்கு அந்தத் தண்ணீரில் ஒருநாளும் போட்டில் போகக் கொடுத்து வைக்கவில்லை. பேரன் ஜிபே பண்ணுவான். இந்தியாவிலிருந்து எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று யாராவது சொல்லுங்கள், போன தடவையும் கேட்டேன்.

*

சபைக்கு வணக்கம். தலைவர் எழுதுகிறேன். டொராண்டோவில் பனியில் வேலைக்குப் போய்வந்து இரவில் உட்கார்ந்து சங்க வேலை பார்க்கிறேன். எனக்குக் கிடைத்த மரியாதை இது. தோட்டத்தில் பக்கத்து டிவிஷன்காரன் புத்தம்புது போட் விட்டிருக்கிறான். நம் சங்கத்தின் பெயர் எழுதிய போட்டில் பழைய ரப்பரைத் தேய்த்து ஒட்டுவதாம்! பட்டறையில் நாலு ஆணி முறுக்கியவர்கள் எல்லாம் பாடம் எடுக்கிறார்கள். தம்பியின் அப்பா தவறியபோது இரவோடு இரவாக அட்டனிலிருந்து வேன் பிடித்துக் கொடுத்தது யார் என்று அக்காவிடமே கேட்கட்டும்.

அளந்தது என் மச்சான். அவன் 75 என்றால் 75தான்.