தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாத ஆச்சி

கர்நாடக இசைக் கச்சேரி கேட்க ஊர் ஊராகப் போகிறவர்கள் ஆளுக்கொரு அனுபவம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் முறை வந்ததும் பாடகர் யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சென்னை போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்த ஓர் ஆச்சியின் முகம்தான் வருகிறது.

காரைக்குடியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் நண்பகல் வாக்கில் எழும்பூரில் இறங்கலாம். ஆனால் திரும்பும் பல்லவன் பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும். மாலைக் கச்சேரிக்குப் போகிறவனுக்கு அது உதவாது. அதனால் போவது இரவு ரயிலில், வருவது இரவு பஸ்ஸில். இடையில் இளம் கலைஞர்களின் பகல் கச்சேரிகள் இருக்கின்றன. பல சபாக்களில் அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. சில நாட்களில் மாலைக் கச்சேரியைவிட அவைதான் மனத்தில் நிற்கின்றன.

அந்த இரவு, கீழ்ப் படுக்கையில் எவர்சில்வர் தூக்கும் துணிப்பையுமாக ஆச்சி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய கச்சேரிப் பட்டியல். சில பெயர்களின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எல்லாமே மிருதங்கக்காரர்களின் பெயர்கள்!

"பாடுகிறவர்களில் யாரையும் குறிக்கவில்லையே, ஆச்சி?"

"யார் பாடினாலும் கேட்பேன் தம்பி. ஆனால் மிருதங்கம் யாரென்று பார்த்துத்தான் டிக்கெட் வாங்குவேன்."

கானாடுகாத்தான் பக்கம் அவருக்கு ஊர். சிறுமியாக இருந்தபோது வீட்டு உள்முற்றமான வளவில் கல்யாணம் என்றால் நாதஸ்வரம் வாசிப்பவர்களைப் பட்டாலை என்கிற கூடத்தில் உட்காரவைத்து விடியவிடியக் கேட்பார்களாம். இவர் போய்த் தவில்காரருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். பார்த்துப் பார்த்தே தாளத்துக்கு விரல் எண்ணக் கற்றுக்கொண்டாராம். ராகத்தின் பெயரைச் சொல்லத் தெரியாது என்று சொன்னபோது அவர் குரலில் கூச்சமே இல்லை.

பேச்சு தானாகவே நம் காரைக்குடிப் பக்கத்துக்கு வந்தது. இன்று மேடைகளில் கேட்கிற கச்சேரி முறை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பாடி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாடல்கள் என்று போகிற அந்த வரிசை, பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்தது. காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியில் 1890-இல் பிறந்தவர். மார்கழிக் காலையில் பாடுகிற திருப்பாவைக்கு மெட்டமைத்தவரும் அவர்தான். கஞ்சிரா என்கிற சிறிய தோல் வாத்தியத்தைக் கச்சேரி வாத்தியமாக்கிய மாமுண்டியா பிள்ளையும், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். அது நமக்கு ஒரு மணி நேரப் பஸ் தூரம். 2023-இல் மறைந்த மிருதங்க மேதை காரைக்குடி மணியின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. இத்தனையும் இங்கிருந்து போனவை. அதைக் கேட்க நாம் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் ஓர் ஏக்கத்தைத் தரும். ஆச்சியிடம் சொன்னேன். "போய்க் கேட்க உடம்பில் தெம்பு இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

மறுநாள் மாலை ஒரே சபாவில் இருவரும் இருந்தோம். எனக்குக் கிடைத்தது ஓரத்து நாற்காலி. பாடகரின் முகம் பாதிதான் தெரிந்தது. மிருதங்கக்காரர் முழுதாகத் தெரிந்தார். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் நடுவில் அப்பினார். கட்டைவிரலால் ஓரங்களை வழித்துவிட்டு ஒருமுறை தட்டினார். சற்று யோசித்து, அரிசி அளவுக்குக் கிள்ளி எடுத்துவிட்டு மறுபடி தட்டினார். அந்த ஒரு கிள்ளலில் நாதம் மாறியது. வீட்டில் எத்தனை பதிவுகளைக் கேட்டாலும் இது கிடைக்காது. தொப்பியின் கும்காரம் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கு வந்து சேர்வதும் கிடைக்காது.

தோடி ராகத்தில் பிரதான உருப்படி. ஆதி தாளம், ஒவ்வோர் எண்ணிக்கையும் இரட்டிப்பாக நீளும் இரண்டு களை. ஸ்வரம் முடிந்து, பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள்! சிலர் கேன்டீனுக்கு, சிலர் வீட்டுக்கு. எனக்கு முன்னால் போனவரின் பை என் முழங்காலில் இடித்தது. மேடையில் இருக்கிற மனிதர் வருடக்கணக்கில் சாதகம் செய்து சேர்த்ததைக் கொட்டப் போகிற நேரம் அது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. இதை வாசிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், அந்தப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள்.

காலியான வரிசைகளுக்கு நடுவே ஆச்சி மட்டும் தெரிந்தார். முழங்காலில் வலது கை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, ஒவ்வொரு முறையும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தபோது அந்தக் கை அசராமல் போய்க்கொண்டிருந்தது. தனியை முடிக்கிற கோர்வை மூன்றாம் முறை வந்து விழுந்த இடத்தில் அவர் உள்ளங்கையும் சரியாக விழுந்தது. மேடையிலிருந்து மிருதங்கக்காரர் அதைப் பார்த்துவிட்டார். தலையை லேசாகத் தாழ்த்தினார்.

தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கும் போனேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பிறகு வரிசையாக ஆற்றுப் பாலங்கள். பந்தலில் அத்தனை பேரும் சேர்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் முதலாவதை நாட்டை ராகத்தில் எடுத்தபோது கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்லி முடியாது; ஒருமுறை போய்வாருங்கள்.

அங்கிருந்து திரும்பியபின் ஆச்சி வீட்டுக்கு அழைத்தார். பெரிய வீடு. பங்காளிகள் எல்லோரும் வெளியூரில் இருக்கிறார்கள். இரண்டு அறைகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. மிருதங்கம் கற்கிற என் அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பட்டாலையின் நடுவில் பாய் விரிக்கப் போனவனை ஆச்சி தடுத்தார்.

"அங்கே வேண்டாம் அப்பு. இந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார். தவில்காரர் இங்கேதான் உட்காருவார்."

பையன் இடம் மாறி உட்கார்ந்து வாசித்தான். வளவில் இருந்த புறாக்கள் படபடவென்று எழும்பிப் பறந்தன. வழுவழுத்த சுண்ணாம்புச் சுவர்களில் பட்டு மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் உருண்டையாகத் திரும்பி வந்தது. ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் விரல் எண்ணத் தொடங்கினார்.