மெத்தென்ற கட்டி என்றால் கொழுப்புக்கட்டிதானா?

கேள்வி:
எங்கள் 9 வயது லாப்ரடார் பெண் நாயைக் குளிப்பாட்டும்போது விலாப்பக்கத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி கையில் பட்டது. மெத்தென்று இருக்கிறது, தோலுக்கு அடியில் வழுக்கி நகர்கிறது, தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கொழுப்புக்கட்டி என்கிறார்கள். மருத்துவரோ ஊசியால் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறார். ஊசி பட்டால் கட்டி பரவிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில் 1:
வயதான, எடை கூடிய நாய்களுக்கு லிப்போமா எனப்படும் கொழுப்புக்கட்டி மிகச் சாதாரணம். ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்னும் தோல் புற்றுநோயும் இதே மென்மையோடு வரக்கூடும் என்பதால், எவ்வளவு அனுபவமுள்ள விரல் சொன்னாலும் அதை மட்டும் நம்ப மாட்டேன். மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. தோல் கட்டிகள் ஊசியால் பரவுவது மிக அரிது. ஊசி பட்டால் பரவலாம் என்று சிறுநீர்ப்பைக் கட்டிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கையை இதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பதில் 2:
எங்கள் பாக்ஸரின் முன்னங்காலில் வந்த கட்டி ஒரு வாரம் வீங்கியது, மறுவாரம் சுருங்கியது. சுருங்கியதைக் குணமாவதாக எண்ணி ஐந்து மாதங்களை வீணாக்கினோம். அது மாஸ்ட் செல் கட்டி. அதிலிருந்து ஹிஸ்டமின் என்னும் வீக்கம் உண்டாக்கும் பொருள் கசியும்போதெல்லாம் அப்படி வீங்கும், பிசைந்தாலும் கசியும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே தயவுசெய்து அடிக்கடி பிசைந்து பார்க்காதீர்கள். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து அகற்ற வேண்டியிருந்ததால், காலில் தையலிட்டு மூடப் போதிய தோல் இல்லாமல் மருத்துவர் திண்டாடினார்.

பதில் 3:
கருத்தடை செய்யாத நாய் என்றால் முலைக்காம்பு வரிசையையும் தடவிப் பாருங்கள். அங்கு வரும் கட்டிகளில் ஏறத்தாழ பாதி புற்றுநோயாக இருக்கின்றன. தாடைக்கு அடியிலும் பின்னங்கால் மூட்டுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். பொதுவாக, 1 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டியோ ஒரு மாதமாகியும் மறையாத கட்டியோ பரிசோதிக்கப்பட வேண்டும். இளம் நாய்களுக்கு வரும் ஹிஸ்டியோசைட்டோமா என்னும் புற்றல்லாத தோல் கட்டி போன்றவை தாமாகவே மறைவதுண்டு, ஆனால் உங்கள் நாயின் வயதில் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மாதிரியில் கொழுப்புச் செல்கள் மட்டுமே இருந்தன. மாதந்தோறும் அளந்து குறித்துவைக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் சொன்னபடி தடவியபோது கடைசி முலைக்காம்பின் அருகே பட்டாணி அளவில் கெட்டியாக ஒன்று அகப்பட்டது. அதை ஊசியால் மட்டும் உறுதிசெய்ய இயலாதாம். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரே எடுத்த பின், அறுவை செய்து அகற்றித் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப இருக்கிறோம்.