மூன்று நாள் ஆற்றங்கரை ஓய்வுக்குத் திருவையாறு ஏற்ற ஊரா?

கேள்வி: நங்கநல்லூர் வாசி

வணக்கம். எழுபதைக் கடந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு ஆவணி மாதத்தில் மூன்று நாள் வெளியூர் போய்வர விரும்புகிறேன். சென்ற ஆண்டு ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்குச் சென்றோம். இரண்டே நாளில் ஒன்பது கோயில்களையும் முடிக்க வேண்டுமென்று வேனை விரட்டியதில், செருப்பைக் கழற்றி மாட்டவே நேரம் சரியாக இருந்தது. திரும்பிய பின் அப்பா மூட்டுவலியில் ஒரு வாரம் படுத்துவிட்டார். இம்முறை ஒரே ஊர், ஓர் ஆறு, அவசரமில்லாத பொழுது என்று முடிவு செய்திருக்கிறேன். இளமையில் பாட்டுக் கற்ற அம்மா, தியாகராஜர் சமாதியை இதுவரை பார்த்ததில்லை. அந்த மாதத்தில் காவிரியில் தண்ணீர் ஓடுமா? எங்கே தங்குவது நல்லது?

பதில் 1: அம்பத்தூரில் வசிக்கும் திருவையாற்றுக்காரர்

தாராளமாக வாருங்கள். எங்கள் ஊரைத் தஞ்சாவூர்ப் பயணத்தின் ஓரத்தில் அரைமணி நேரமாகச் சேர்த்துக்கொள்பவர்களே மிகுதி. தங்கிப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி. எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு ரயிலில் ஏறினால் விடியலில் தஞ்சாவூர். அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைக் கடப்பீர்கள். ஊருக்குப் பெயர் வந்த காரணத்தை அப்பாவுக்குச் சாலையிலேயே காட்டிவிடலாம்.

ஐயாறப்பர் கோயிலுக்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிக்குமேல் போவதே வசதி. அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்ததும், ‘மாதர்ப் பிறைக்கண்ணி யானை’ என்ற பதிகம் பிறந்ததும் இத்தலத்தில்தான். ராஜராஜனின் தேவி லோகமாதேவி எடுப்பித்த வடகயிலாயம் என்ற உட்கோயிலைப் பெரும்பாலோர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று ‘ஐயாறா’ என்று அழைத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். சிறுவயதில் நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட இடம் அது.

கோயிலைப் பார்த்தபின் அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறும் அல்வா அது. சூடாக இருக்கும்போது வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தால், நெய் இலை நரம்புகளின் வழியே வழிந்து விரலுக்கு வந்துவிடும். பொட்டலமாகக் கட்டிச் சென்னைக்குக் கொண்டு வந்தால் அந்தச் சுவையில் பாதிதான் மிஞ்சும்.

பதில் 2: நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தற்போது அடையாறு

தண்ணீர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேட்டூர் அணையைப் பாசனத்துக்காக ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவது மரபு. அணையில் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் அணைத் திறப்புச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். கல்லணையில்தான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரித்து விடப்படுகிறது, வெள்ளம் மிகுந்தால் கொள்ளிடத்தில் திருப்பப்படும். முறைவைத்து நீர் விடும் நாள்களில் ஒரு வாரம் ஆறு நிறைந்தும் மறுவாரம் தணிந்தும் இருக்கும் என்றாலும், கோடையைப் போல மணல் மட்டுமே தெரிவதைக் கண்டு ஏமாற மாட்டீர்கள்.

ஒரு வேண்டுகோள். பெற்றோரை ஆற்றில் இறங்கவிடாதீர்கள். நீருக்குள் இருக்கும் கடைசிப் படிகளில் பாசி படிந்திருக்கும், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு. என் மைத்துனர் இப்படித்தான் கால் அலம்பப் போய் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நீர் மட்டத்துக்கு மேல் நான்கைந்து படி தள்ளி அமர்ந்தாலே ஆற்றுக்காற்று போதுமான அளவு வரும்.

பதில் 3: மயிலாப்பூர் ரசிகை

தியாகராஜரின் நினைவாக நடக்கும் தை மாத ஆராதனைக்கு அம்மாவை அழைத்துப் போகும்படி பலர் சொல்வார்கள். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவதைக் கேட்பது பெரும்பேறுதான். ஆனால் முதியவர்களுக்கு அந்த நெரிசல் ஆகாது, ஆவணியே சரி. 1847இல் மறைந்த தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கேட்டு மனம் பொறாமல், தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லாதிருந்த நிலையை மாற்றப் போராடியவரும் அவர்தான். 1952இல் மறைந்த அவருடைய சமாதியும் எதிரிலேயே இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். அம்மாவை அங்கேயும் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். கூட்டமில்லாத காலை வேளையில் சன்னிதிக்கு முன் அமர்ந்து அவர் ஒரு கீர்த்தனை பாடட்டும்.

தங்குவதற்கு மட்டும் நான் தஞ்சாவூரையே சொல்வேன். திருவையாற்றில் விடுதி வசதி குறைவு. அப்பாவுக்கு மூட்டுவலி என்பதால் மேல்நாட்டுக் கழிப்பறையும் மின்தூக்கியும் உள்ள அறை அவசியம்.

பதில் 4: அம்பத்தூரில் வசிக்கும் திருவையாற்றுக்காரர்

மயிலாப்பூர் அம்மா சொல்வது நியாயம். ஆனாலும் விடியலில் ஐந்தரை மணிக்குப் படித்துறையில் இருந்தால்தான் ஊர் விழிப்பதைப் பார்க்க முடியும். ஆகவே இரண்டு இரவு தஞ்சாவூரில் தங்கி, காலையும் மாலையும் வாடகைக் காரில் வந்து போங்கள், நண்பகலில் அறையில் ஓய்வெடுங்கள். அப்பாவுக்காக ஒரு மடக்கு நாற்காலியை மறக்காமல் எடுத்து வாருங்கள். படித்துறைக்கு மேல் சமதரையில் போட்டுக் கொடுத்தால், அவர் படி இறங்காமலே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.