உப்புவெளி கடற்கரை நடையும் அம்மாவின்ர குதிக்கால் நோவும்

உப்புவெளியான்:
அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம். குளிசை மட்டும்தான், ஊசி இல்லை. பின்னேரம் 5 மணிக்கு உப்புவெளி கடற்கரையில செருப்பைக் கழட்டிப்போட்டு ஒரு மணித்தியாலம் நடக்கிறா. இப்ப இடது குதிக்கால்ல நோ. காலமை கட்டிலால இறங்கி வைக்கிற முதல் அடிதான் மோசமாம். நடையை நிப்பாட்ட வேணுமா? 10,000 அடி கட்டாயமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

பிசியோ_திருமலை:
நடை இருக்கட்டும், மணலை விடச் சொல்லுங்கோ. முதல் அடியில குத்தி, கொஞ்சம் நடக்கக் குறையிற நோ பெரும்பாலும் உள்ளங்கால் நார்ப்பட்டையில வாறது. புதை மணல்ல குதி கீழ இறங்க, கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் கூட இழுபடும். அந்த இழுவை குதியில வந்து ஏறும். அதோட கரை கடல்பக்கம் சரிவு. போகேக்க ஒரு கால் பள்ளத்தில, வரேக்க மற்றக் கால். உடம்பு செலவழிக்கிற சக்தி தார் றோட்டை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்டதால மணல் நல்லதுதான், ஆனா 61 வயதில அதில தொடங்கக்கூடாது.

சுவரில இரண்டு கையையும் ஊண்டி, நோகிற காலைப் பின்னுக்கு வைச்சு, முழங்கால் மடங்காம, குதி நிலத்தை விட்டு எழும்பாம 30 செக்கன் நிக்கட்டும். 3 தரம், காலமையும் இரவும். கட்டிலால இறங்க முதல் விரல்களைக் கையால மேல்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதும் உதவும். ஒரு கிழமையில மாறாது, மாதக்கணக்கும் எடுக்கலாம்.

கச்சான்காத்து:
தண்ணிப் போத்தலை உறைய வைச்சு, உள்ளங்காலுக்குக் கீழ 10 நிமிசம் உருட்டினாலும் நோ குறையும்.

பிசியோ_திருமலை:
மற்றாக்களுக்குச் சரி. சீனிக்காரருக்குக் காலில உணர்வு குறைஞ்சிருந்தா குளிர் சுட்டதே தெரியாமப் புண்ணாகும். முதல்ல கிளினிக்கில பாத உணர்வைப் பார்க்கச் சொல்லுங்கோ. வெறுங்கால் நடையும் அதே காரணத்துக்காகத்தான் கூடாது. சிப்பி, முருகைக்கல் துண்டு, அறுந்த தூண்டில் முள் எல்லாம் மணலுக்குள்ள கிடக்கும். சப்பாத்தைப் பின்னேரத்தில வாங்குங்கோ, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம் இடம் விடவேணும். நடந்து வந்து விரல் இடுக்கும் உள்ளங்காலும் பார்க்கிறதை ஒரு நாளும் விடக்கூடாது.

சீனிக்கணக்கு:
10,000 எண்டது 1965இல ஜப்பானில வித்த அடி எண்ணுற கருவி ஒண்டின்ர பேரில இருந்து பரவின கணக்கு, மருத்துவம் போட்ட எல்லை இல்லை. 60 தாண்டினாக்களுக்கு 6,000 - 8,000 அடியோட பெரும்பாலான பயன் கிடைச்சிடும். எண்ணிக்கையை விட வேகத்தைப் பாருங்கோ: 15 செக்கனுக்கு 25 அடி. கதைக்கலாம், பாட முடியாது எண்ட அளவு. கிழமைக்கு 150 நிமிசம் இப்பிடி நடந்தாக் காணும்.

சீனிக்கு ஒரு மணித்தியாலத்தை ஒரேயடியா நடக்கிறதை விட, மூண்டு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 - 15 நிமிசம் நடக்கிறது நல்ல பலன் தரும். இராச் சோறு, புட்டு சாப்பிட்ட பிறகு நடக்கிறதை விடவே கூடாது. வேலை செய்யிற தசை, இன்சுலினைப் பெரிசா எதிர்பார்க்காமலே ரத்தத்தில இருந்து குளுக்கோசை இழுக்கும். இன்சுலின் நல்லா வேலை செய்யிற அந்தக் குணம் ஒண்டு, இரண்டு நாள்தான் நிக்கும். அதால இரண்டு நாளுக்கு மேல இடைவெளி விடவேண்டாம்.

குளிசை என்ன எண்டு பாருங்கோ. மெட்ஃபோர்மின் மட்டும் எண்டா சீனி இறங்கிறது அபூர்வம். கிளிக்ளசைட் மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கிற குளிசை ஏதும் இருந்தா இறங்கலாம். கச்சான் காத்து அடிக்கிற காலத்தில வெக்கை வியர்வையோட சீனி இறங்கின வியர்வையும் கலந்திடும், கை நடுங்கினாத்தான் பிடிபடும். மூண்டு தேக்கரண்டி சீனியைப் பொட்டலமாக் கட்டிக் கொண்டுபோகட்டும்.

நிறை குறைக்க நடக்கிறா எண்டா, அரை மணித்தியால நடை ஏறக்குறைய 130 - 150 கலோரிதான். வழியில ஒரு ரோல்ஸ் சாப்பிட்டா எல்லாம் போச்சு.

உப்புவெளியான்:
திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால மேட்டில இருக்கிற கோணேசர் கோயில் வரை போகலாமா? காலமை வெயில் ஏற முதல்?

பிசியோ_திருமலை:
தாராளமாப் போகலாம், காலுக்குத் திடமான தரை. ஏற்றம் நெஞ்சுக்கு நல்ல வேலை, ஆனா இறங்கேக்கதான் முழங்கால் பாரம் தாங்கும். சின்ன அடியா, மெதுவா இறங்கட்டும். தொடக்கத்தில பாதி வழியே காணும். கெண்டைக்கால் இறுகி, நிண்டா விட்டு, திரும்ப நடக்க வந்தா தசைப்பிடிப்பு எண்டு எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டாம், ரத்தக்குழாய் அடைப்பாயிருக்கலாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ. நெஞ்சு, தாடை, இடது கை இறுகினா அந்த இடத்திலயே நிண்டு, நேர ஆஸ்பத்திரி.